நூத்திப் பதினாலாம் நம்பர் ஆணி

பையை மேல தூக்கி வெச்சுடுங்க சார், காலை நீட்டிக்கலாம். விஜயவாடாவா? நல்லதாப் போச்சு, நான் அதுக்கும் மேல போறேன். கழுத்துல தொங்குதே, அது ஆபீஸ் அட்டையா? ரயில்ல எதுக்கு சார் அது? கண்ணசந்தா அறுந்து விழும், எவனாவது மிதிச்சுட்டுப் போவான், அப்புறம் நீங்கதான் ஆபீஸ்ல போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஜன்னல் பக்கம் கொக்கி இருக்கு பாருங்க, அதுல மாட்டிடுங்க. ஆங், அப்படி. இறங்கும்போது நான் ஞாபகப்படுத்தறேன். ஒரு பொருளை ஒரு எடத்துல மாட்டிட்டா அது அங்கயே இருக்கும் சார். மனுசன் கையில குடுத்தாத்தான் தொலையும்.

எதுக்குச் சொல்றேன்னா என் வேலையே அதுதான். பேரு சவுரிநாதன். சொந்த ஊரு தங்கவயல். அங்க தங்கச் சுரங்கத்தை, அதான் மைனை, மூடினதும் எங்க ஆளுங்க நாலா பக்கமும் போனாங்க இல்ல, நான் ஒரு செப்பு மைனுக்குப் போனேன். மைன் பேரு வேணாம், நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு அங்க எனக்கு விசாரணை. இருபத்திரெண்டு வருஷம் டோக்கன் ரூம்ல உக்காந்தவனுக்கு விசாரணை! அங்க என்ன பேசணுமோ அதை உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். எங்கயாவது தப்புன்னு பட்டா சொல்லுங்க. ஆனா நடுவுல சொல்லாதீங்க, கடைசியில சொல்லுங்க.

டோக்கன் ரூம்னா என்னான்னு கேப்பீங்க. பூமிக்குக் கீழ வேலை நடக்கற எடத்துல உள்ள எத்தினி பேரு இருக்கான்னு மேல ஒருத்தனுக்குத் தெரியணும். அந்த ஒருத்தன் நான். ஒவ்வொரு ஆளுக்கும் பித்தளையில ஒரு வில்லை, அதுல அவன் நம்பர். உள்ள போகும்போது ஜன்னல்ல குடுப்பான், நான் பலகையில அவன் நம்பர் ஆணியில மாட்டுவேன். ஷிப்ட் முடிஞ்சு மேல வந்ததும் கேட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவான். வில்லை ஆணியில தொங்கினா ஆள் உள்ள. ஆணி காலின்னா ஆள் வெளிய. இதுல படிக்கறதுக்கு என்னா இருக்கு, எங்க அப்பா தங்கவயல்ல இதே வேலைதான் பாத்தாரு. "காலி ஆணின்னா ஒருத்தன் வீட்டுக்கு வந்து சோத்துக்கு உக்காந்துட்டான்னு அர்த்தம்"னு எங்களுக்குச் சோறு போடும்போது சொல்லுவாரு. நானும் என் தங்கச்சியும் தட்டை வெச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டிருப்போம்.

பலகை பூரா காலியாகாம கீழ வெடி வைக்கக்கூடாது. ஒரு தடவை ஒரே ஒரு வில்லை தொங்குது. வெடிக்காரன் குதிக்கறான், கையெழுத்துப் போடு போடுன்றான். நான் போடமாட்டேன்னுட்டேன். கீழ ஆளனுப்பிப் பாத்தா பம்பு ஓட்டறவன் குழாய் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டிருக்கான். அவனுக்கு இப்ப மூணு பேத்தி. எனக்கு இதுவரைக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல, அது வேற விஷயம்.

இப்படி ஒழுங்கா இருந்த எடத்துலதான் சார் இந்த சென்சார் வந்துச்சு.

வந்ததுக்குக் காரணம் இருக்கு, இல்லன்னு சொல்லல. கீழ கல்லு அள்றதுக்கு லோடர்னு ஒரு வண்டி. ரோட்டுல நீங்க பாக்கற ஜேசிபி மாதிரி இல்ல, குள்ளமா, நீளமா, முன்னாடி பெரிய வாளி வெச்சு. டிரைவர் பக்கவாட்டுல பாத்து உக்காந்திருப்பான். வண்டிக்கு மறுபக்கம் யார் நின்னாலும் அவனுக்குத் தெரியாது. அந்த சத்தத்துல நீங்க கத்தினாலும் கேக்காது. மூணு வருஷத்துக்கு முன்ன ஒருத்தனை பாறையோட சேத்து நசுக்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் மேனேஜர் மிஸ்ரா சாரு மேலிடத்துல பேசி, புனேலேர்ந்து ஒரு கம்பெனி வந்து மாட்டினாங்க. லோடர்ல ஒரு பெட்டி. ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒரு டேக். மஞ்சக் கலர்ல தீப்பெட்டி சைசு, பச்சை லைட்டு வெச்சு, இடுப்புல மாட்டறது. டேக் எட்டு மீட்டருக்குள்ள வந்தா வண்டி பீப் பீப்புன்னு கத்தும். மூணு மீட்டருக்குள்ள வந்தா தானாவே நின்னுடும். புனேலேர்ந்து வந்த தம்பி அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டினாரு, இந்தியில. அப்புறம் ஆளுக்கு ரெண்டு சமோசா. சமோசா நல்லா இருந்துச்சு.

டேக் எல்லாம் என் ரூம்ல ஒப்படைச்சாங்க. கூடவே ஒரு சர்க்குலர். அதை அப்படியே மனப்பாடமாச் சொல்றேன், நாளைக்கும் சொல்லணும். "டேக்குகளை வழங்குவது, திரும்பப் பெறுவது, சார்ஜ் செய்வது, பாதுகாப்பது டோக்கன் அறையின் பொறுப்பு." பாதுகாப்பது! பித்தளை வில்லை எல்லாத்தையும் மூட்டை கட்டி ஸ்டோர்ல குடுத்துடணும்னும் போட்டிருந்துச்சு. இனிமே டேக்தான் டோக்கனாம். மூட்டை கட்டினேன், குடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். அப்பாவைப் பொதைச்ச அன்னிக்கு மாதிரி இருந்துச்சு சார், பொய் சொல்லல.

முதல் வாரம் சொன்னபடி இடுப்புல மாட்டி அனுப்பினேன். என்னா ஆச்சு? கீழ ஒரே கூத்து. லோடர் பத்தடி போகும், நிக்கும். எவனாவது குறுக்க போவான், நிக்கும். எவனாவது ஓரமா உக்காந்து சாப்பிடுவான், நிக்கும். டிரைவர் குருவய்யா வாளியை விட வாயைத்தான் அதிகம் தொறந்தான். முப்பது வண்டி கல்லு வர்ற எடத்துல பதினஞ்சு. மிஸ்ரா சாரு ஷிப்ட் ஆபீசரைத் திட்டறாரு, ஷிப்ட் ஆபீசர் என் ஜன்னல்ல வந்து நின்னு, "சவுரி, ஏதாவது பண்ணு"ன்றாரு. அதுக்கு நடுவுல மூணு டேக் காணாமப் போச்சு. ஒண்ணு தண்ணியில விழுந்துச்சாம். ஒண்ணு எலி இழுத்துட்டுப் போச்சாம்! ஜவாப்தாரி யாரு? நான்.

அப்பத்தான் சார் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. இனிமே டேக்தான் டோக்கன்னு சர்க்குலர்ல அவங்களே போட்டிருக்காங்க. டோக்கனை நாம என்னா பண்ணுவோம்? ஆள் உள்ள போகும்போது வாங்கி ஆணியில மாட்டுவோம். இருபத்திரெண்டு வருஷமா அதைத்தானே பண்றோம்? மறுநாள் காலையிலயிருந்து அதையே பண்ணேன். ஆள் உள்ள, டேக் பலகையில.

அதுக்கப்புறம் மைனைப் பாக்கணுமே! ஒரு பீப் இல்ல. வண்டி ஒரு எடத்துல நிக்கல. கல்லு முப்பத்திரெண்டு வண்டி. ஒரு டேக் தொலையல. தினம் மஞ்சத் துணியால தொடைச்சு, சார்ஜ் போட்டு வெப்பேன். பலகையைப் பாத்தா தேர்த்திருவிழா சீரியல் லைட்டு மாதிரி பச்சையா மினுக்கும்.

நான் யாருக்கும் தெரியாமப் பண்ணல, அதைக் குறிச்சுக்குங்க. ஷிப்ட் ஆபீசர் தினம் பாப்பாரு. ஒரு மாசம் கழிச்சு மிஸ்ரா சாரே பாத்தாரு, "வெரி குட், சவுரி, சுத்தமா வெச்சிருக்க"ன்னாரு. புனேக்கு ரிப்போர்ட் தானாவே போகுமாம், கம்ப்யூட்டர்ல. அதுல அலாரம் பூஜ்யம். மூணு மாசமா பூஜ்யம். அந்தத் தம்பி போன் பண்ணி, தொழிலாளிங்க மெஷின் பக்கமே போகாம ஒழுக்கமா நடந்துக்கக் கத்துக்கிட்டாங்க, நடத்தையே மாறிடுச்சு, இதை நான் ஒரு மாநாட்டுல பேசப் போறேன்னாரு. போட்டோ வேணும்னாரு. நானே பலகை பக்கத்துல நின்னு எடுத்து அனுப்பினேன்.

தலைமை ஆபீஸ்லேர்ந்து டைரக்டருங்க நாலு பேரு வந்தாங்க. அவங்களுக்கு நம்பர் கிடையாது, நம்பர் இல்லாதவனுக்குப் பலகையில ஆணியும் கிடையாது. மாட்ட எடமில்லாத டேக்கை என்னா பண்றது? இடுப்புலயே போட்டுக்குங்க சார்னு விட்டுட்டேன். கீழ போனாங்க. லோடர் நேரா அவங்களைப் பாத்து வந்துச்சாம். கத்திச்சாம். கரெக்டா மூணு மீட்டர்ல டக்குனு நின்னுச்சாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். வேலை செய்யலன்னு எவன் சொல்றான்? டைரக்டருக்கு வேலை செஞ்சுச்சே! டெமோன்னு சொல்லி அந்த அலாரத்தைக் கணக்குல சேக்கல, பூஜ்யம் அப்படியே இருந்துச்சு.

இருநூறாவது நாள் கேக் வெட்டினோம். கேக் மேல பெருசா ஒரு முட்டை போட்டிருந்தாங்க, பூஜ்யம்னு அர்த்தம். விருது வரப் போகுதுன்னு பேச்சு.

இதுல ஒரே ஒருத்தன்தான் சார் முதல் நாள்லேர்ந்து எனக்குக் குடைச்சல். வேற யாரு, என் தங்கச்சி சலேத்தோட புருஷன். செபமாலை. கீழ டிரில் அடிக்கறவன், நம்பர் நூத்திப் பதினாலு. நான்தான் அந்த மைன்ல சேத்து விட்டேன். எடுத்த எடுப்பிலயே ஜன்னல்ல நின்னுக்கிட்டு, "மச்சான், உன் பலகையை லோடர் வந்து இடிக்கப் போவுதா? எதுக்கு இத்தினி டேக்கு அதுக்கு? என்னுதைக் குடு, இடுப்புல கட்டிக்கறேன்"ன்றான். பின்னாடி வரிசையில நிக்கறவன் எல்லாம் சிரிக்கறான்.

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "யோவ், நீ டேக்கைக் கொண்டு போயிட்டா ஆணி காலியா இருக்கும். ஆணி காலின்னா ஆள் வெளியன்னு கணக்கு. சாயந்திரம் வெடி வெச்சுடுவான், நீ உள்ள இருப்ப. அப்ப என் தங்கச்சிக்கு நான் என்னா பதில் சொல்றது?" நியாயமான கேள்விதானே?

"அப்ப பித்தளையை ஆணியில மாட்டு, இதை என்கிட்ட குடு"ன்னான்.

பித்தளையை ஸ்டோர்ல ஒப்படைச்சாச்சு சார்! கையெழுத்து வாங்கியாச்சு! அதைத் திரும்ப எடுக்கணும்னா மிஸ்ரா சாரு எழுதணும், அவரு எழுதணும்னா ஷிப்ட் ஆபீசர் கேக்கணும், அவரு கேக்கணும்னா அலாரம் ஏதாவது அடிச்சிருக்கணும். பூஜ்யத்தை வெச்சுக்கிட்டு எதைக் கேக்கறது? இதெல்லாம் டிரில் அடிக்கறவனுக்குப் புரியுமா?

இருநூத்திப் பத்தாவது நாள்னு நெனைக்கறேன். செபமாலை மேல வந்தான். முகம் பூரா கல்லுத் தூசி. ஜன்னல்ல ஒரு தகரத்தை வெச்சான். என்னான்னு பாத்தா அவனோட டிபன் கேரியர். மூணு அடுக்கும் அப்பளமா நசுங்கி ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு. சலேத்து வெச்ச புளிக்குழம்பு ஓரத்துல காஞ்சிருக்கு. "ஒண்ணுக்கு இருக்க அந்தாண்ட போனேன் மச்சான். திரும்பி வந்தா இது. இதுக்கும் ஒரு ஆணி குடு"ன்னான்.

எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நான் என்னா பண்ணேன்? முறைப்படி புகார் எழுதுன்னு பாரம் எடுத்துக் குடுத்தேன். பாரத்துல முதல் கட்டம், "அலாரம் எண்". அலாரமே அடிக்கல, அவன் எதை எழுதுவான்? அதை நிரப்பாம செல்லாதுன்னேன். பாரத்தை மடிச்சு நசுங்கின டப்பாவுக்குள்ள சொருகிட்டுப் போயிட்டான். அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் ஷிப்டுக்கு வரும்போதே மூஞ்சி சரியில்ல. ராத்திரி சார்ஜ் போட டேக்கையெல்லாம் பக்கத்துல தலை லைட்டு குடுக்கற லாம்ப் ரூம்ல வெப்போம், அங்கயிருந்து தன்னோடதை அவனே எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டான். ஜன்னல்ல நிக்கல. "வெடிக்கு முன்னாடி வந்து என் மூஞ்சியைக் காட்டறேன், போதுமா?"ன்னுட்டு போயிட்டான். கத்திக் கூப்பிட்டேன். லிப்டு இறங்கிடுச்சு.

நான் என்னா பண்ணணும், நீங்களே சொல்லுங்க. நூத்திப் பதினாலு காலி. என் கண்ணு முன்னாடி போனான், நெஜம்தான். ஆனா பலகை என்னா சொல்லுது? ஆள் உள்ள இல்லன்னு சொல்லுது. நான் ஆளைப் பாத்து எழுதறவன் இல்ல சார், பலகையைப் பாத்து எழுதறவன். ரிஜிஸ்டர்ல அவனுக்கு லீவு போட்டேன். கோவம்தான். தங்கச்சி புருஷன்னு பாத்தா நாளைக்கு எல்லாரும் ஏறி மிதிப்பான்.

பதினொண்ணேகால் மணி இருக்கும். கீழயிருந்து போன். லோடர் நின்னுடுச்சு. தானா நின்னுடுச்சு. டைரக்டருங்க வந்த ஒரு நாளைத் தவிர இருநூத்திப் பதினோரு நாள் வாயே தொறக்காத வண்டி கத்தி நின்னுடுச்சு.

என்னா நடந்துச்சுன்னா, செபமாலையும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு திருப்பத்துல பாறையை ஒட்டி நின்னுக்கிட்டு டிரில்லைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. குருவய்யா வாளி நெறைய கல்லோட வண்டியை ரிவர்ஸ்ல ஓட்டிக்கிட்டு வர்றான். அவனுக்கு இவங்களைத் தெரியல, இவங்களுக்கு அவன் வர்றது கேக்கல. பின்னாடி சக்கரம் இவங்ககிட்ட வந்து நின்னுச்சாம். குருவய்யா மெஷின் கெட்டுப் போச்சுன்னு திட்டிக்கிட்டே இறங்கி வந்தானாம். மூணு பேரையும் பாத்துட்டு அங்கயே உக்காந்து அழுதானாம்.

இங்க மேல எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பூஜ்யம் போச்சு. மிஸ்ரா சாரு தலையில கை வெச்சுக்கிட்டாரு. விருதுக்கு இன்னும் ஒம்பது நாள் சார்! யாரால ஆச்சு, நம்பர் என்னான்னு பாத்தா நூத்திப் பதினாலு. ரிஜிஸ்டரைப் பாத்தா நூத்திப் பதினாலு லீவு. லீவுல இருக்கறவன் எப்படிய்யா ஐந்நூறு மீட்டருக்குக் கீழ போயி மெஷினை நிறுத்துவான்னு என்னைக் கேக்கறாரு.

அதுக்குள்ள புனே தம்பி லைன்ல வந்துட்டாரு. "கம்ப்யூட்டர்ல ஒரு ஆள்னு காட்டுது. ஷிப்ட் ஆபீசர் மூணு பேரு நின்னாங்கன்றாரு. மத்த ரெண்டு டேக்கும் ஏன் தெரியல? பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல தம்பி"ன்னேன். "ரெண்டும் பத்திரமா என்கிட்ட இருக்கு. பலகையில."

போன் கட்டாயிடுச்சோன்னு நான் ஹலோ ஹலோன்றேன். அப்புறம் அவரு ரொம்ப மெதுவா, "மீதி எல்லாருது?"ன்னாரு.

"எல்லாருதும் இங்கதான். ஒண்ணு கூட கீழ விடல"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன் சார்.

அவ்வளவுதான். செபமாலைக்கு சார்ஜ் ஷீட்டு, லீவு நாள்ல அனுமதியில்லாம மைனுக்குள்ள நுழைஞ்சான்னு. ரெண்டு வாரம் சஸ்பென்ஷன், சலேத்தையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். எனக்கும் சஸ்பென்ஷன், பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்க வெச்சேன்னு. செயலிழக்க வெச்சேனா? ஒண்ணாவது டவுன் ஆகியிருந்துச்சா? எல்லாம் நூறு சதவீதம் சார்ஜ்! கேக் வெட்டினப்ப எனக்குத்தானே முதல் துண்டு ஊட்டினாரு மிஸ்ரா சாரு? இப்ப அவரு எழுதறாரு, டோக்கன் ரூம்ல என்னா நடந்துச்சுன்னு நிர்வாகத்துக்குத் தெரியாதுன்னு. என் ஜன்னல்ல இப்ப லேப்டாப் வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. டேக்கை ஹெல்மெட்லயே வெச்சு ஒட்டிட்டாங்களாம், பித்தளையை ஸ்டோர்லேர்ந்து எடுத்து பலகையில மாட்டறாங்களாம். கல்லு இருபது வண்டிதானாம். இது தேவையா?

நாளைக்கு இதைத்தான் சொல்லப் போறேன். சர்க்குலர்ல டேக்கைப் பாதுகாக்கச் சொல்லியிருந்துச்சு, பாதுகாத்தேன். மனுசனைப் பாதுகாக்கச் சொல்லி ஒரு வரி காட்டட்டும், நான் வேலையை விட்டுடறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லமாட்டேன், உங்ககிட்ட சொல்றேன். முதல் விசாரணைக்கு என்னைக் கீழ கூட்டிட்டுப் போனாங்க. இருபத்திரெண்டு வருஷத்துல நான் அந்த லெவலுக்கு இறங்கினதே இல்ல. சக்கரம் நின்ன எடத்துல சுண்ணாம்புல கோடு போட்டிருந்தாங்க. அவங்க நின்ன எடத்துல இன்னொரு கோடு. நான் சும்மா அடி வெச்சுப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது அடிக்குப் பாறை வந்துடுச்சு. அந்தக் கோட்டு மேலயே உக்காந்துட்டேன் சார். பயந்துட்டேன். அந்த டிபன் கேரியர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஷிப்ட் ஆபீசர் காத்து இல்லாததால மயக்கம்னு நெனைச்சு தண்ணி குடுத்தாரு, நானும் ஆமான்னுட்டேன்.

இப்ப சஸ்பென்ஷன்ல தங்கவயல்ல தங்கச்சி வீட்லதான் இருந்தேன். எங்க போறது? செபமாலையும் அங்கதான். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து டிவி பாப்போம், பேசிக்க மாட்டோம். இன்னிக்குக் காலையில கிளம்பும்போது சலேத்து சோறு கட்டிக் குடுத்தா. நான் சும்மா இருந்திருக்கலாம். "உன் புருஷன் அன்னிக்கு ஒரு டேக்கை ஒழுங்கா மாட்டியிருந்தா இன்னிக்கு எனக்கு இந்த அலைச்சல் உண்டா?"ன்னேன்.

அவ என் கையைப் பிடிச்சு நடு ரூமுக்கு இழுத்துட்டுப் போனா. செவுத்துல மாதா படம், பக்கத்துல மாலை போட்டு எங்க அப்பா படம், எங்க அம்மா படம். அம்மா படத்துக்குப் பக்கத்துல ஒரு வெறும் ஆணி. காலண்டர் மாட்டியிருந்தது போல, எடுத்து வெச்சிருக்கா.

"பாத்துக்கோண்ணா. உன் பலகையில அன்னிக்கு ஆணி காலியா இருந்துச்சு. அதனாலதான் என் செவுத்துல இது காலியா இருக்கு"ன்னா. அப்புறம், "காலி ஆணின்னா என்னா அர்த்தம்னு அப்பா சொல்லுவாரே, மறந்துட்டியா?"ன்னா.

உள்ள அவ புருஷன் தட்டு முன்னாடி உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருந்தான். நிமிர்ந்து கூடப் பாக்கல.

பாத்தீங்களா சார்? எங்க அப்பா எனக்குச் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்றா. இருபத்திரெண்டு வருஷம் ஆணியைப் பாத்தவன் நான், எனக்கு ஆணி காட்டறா. கண்ணு கலங்கிடுச்சு, செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். நாளைக்கு இதைச் சொல்லணுமா வேணாமான்னு தெரியல. இதுக்கு சர்க்குலர்ல எடமில்ல.

தப்பு இருந்தா கடைசியில சொல்லுங்கன்னேன். சரி, சொல்ல வேணாம் விடுங்க.

சார், அந்தக் கொக்கியில இருக்கற உங்க அட்டை. எடுத்துக் கழுத்துல மாட்டிக்குங்க. ஸ்டேஷன் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குதான். இருந்தாலும் மாட்டிக்குங்க சார், தயவு செஞ்சு.